பரணில் தூங்கும் லேப்டாப்! மீண்டும் உயிர் பெறுவது எப்படி?

தர்மபுரி மாவட்டத்தில் மொரப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் இருந்து சேலத்துக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள ஊர்.

இந்த ஊர்ப் பக்கம் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் பழைய பித்தளைக் குடம் இருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா இருக்கும். அதற்குப் பக்கத்தில், தூசி படிந்த பை ஒன்றும் இருக்கும். பைக்குள் என்ன? லேப்டாப்! மடியில் வைத்துப் பார்க்கும் கம்ப்யூட்டர்.

"பெரியவன் பிளஸ்-2 படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. இப்போது ஓடவில்லை. செத்துப் போய்விட்டது" என்பார்கள் வீட்டில்.

மொரப்பூரில் மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான்.

உண்மையில் அது செத்துவிட்டதா? அநேகமாக இல்லை. எந்திரம் நன்றாகவே இருக்கும். அதற்குள் இருக்கும் ஒரு புரோகிராமுக்குத்தான் வயதாகி இருக்கும். அதை மாற்றினால் லேப்டாப் எழுந்து உட்கார்ந்துவிடும்!

ஆனால் அவசரப்பட்டு மாற்றினால், திரும்பக் கிடைக்காத பொருள்கள் பறிபோய்விடும். அது என்ன பொருள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

வந்த கதை

2011-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ந் தேதி. அண்ணா பிறந்த நாள். அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு லேப்டாப் வழங்கும் திட்டம். முதல் ஆண்டுக்கு மட்டும் சுமார் 9 லட்சம் லேப்டாப்புகள் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டது.

வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு "எல்காட்" என்ற தமிழ்நாடு மின்னணு நிறுவனத்துக்கு.

முதலில் வந்த லேப்டாப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. ஒன்று அல்ல, இரண்டு "ஆபரேட்டிங் சிஸ்டம்" போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று, அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி தயாரித்த விண்டோஸ்-7. அதிலும் மிகச் சிறிய பதிப்பான "ஸ்டார்ட்டர்". இன்னொன்று, நம் நாட்டில் தயாரான "பாஸ்".

ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அது ரொம்பவும் கண்டிப்பான ஆசாமி. திரையில் தெரியும் பின்னணிப் படத்தை மாற்றக்கூட அனுமதி கிடையாது! விருப்பமான நடிகர் படத்தைப் போட முடியாமல் அந்தக் காலத்தில் எத்தனை பையன்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது அவர்களைக் கேட்டால் தெரியும்.

இன்னொரு ஆசாமியான "பாஸ்" பக்கம் பலர் போகவே இல்லை. அது உள்ளே இருப்பதே சிலருக்குத் தெரியாது.

ஸ்டேஷன் மாஸ்டர்

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன? தமிழில் "இயங்குதளம்" என்கிறார்கள்.

மொரப்பூர் ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் இருக்கிறது. ரயில் பெட்டி இருக்கிறது. என்ஜின் இருக்கிறது. பயணிகளும் வந்துவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. என்ன ஆகும்? எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் வருவது, எது நிற்பது, எது போவது என்று சொல்ல ஆள் கிடையாது. எல்லாம் இருந்தும் ஒரு வண்டி நகராது.

கம்ப்யூட்டருக்குள் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வேலையைச் செய்வதுதான் இயங்குதளம். பொத்தானைத் தட்டினால் எழுத்து திரைக்கு வருகிறது. படத்தைச் சேமித்தால் அது "ஹார்ட் டிஸ்க்" என்ற கிடங்குக்குப் போகிறது. பாட்டும் கேட்டுக்கொண்டு கடிதமும் எழுதலாம். இரண்டும் மோதிக்கொள்வது இல்லை. எல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் சிக்னல்தான்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டால்? இதுதான் பரணில் இருக்கும் லேப்டாப்பின் சங்கதி.

கெடு முடிந்தது

ஓர் இயங்குதளத்தை எழுதி முடித்ததோடு வேலை தீர்ந்துவிடுவது இல்லை. அதில் ஓட்டைகள் இருக்கும். கூரை வேய்ந்த பிறகுதான் எங்கே ஒழுகுகிறது என்று தெரிகிறது அல்லவா? அதுபோல, ஓட்டை தெரியத் தெரிய, கம்பெனி அதை அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு "அப்டேட்" என்று பெயர்.

இது என்றைக்கும் நடப்பது இல்லை. ஒரு நாள் கம்பெனி கையை விரித்துவிடும். "இனி இந்தப் பதிப்புக்கு ஓட்டை அடைக்க மாட்டோம். புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி கெடு முடிந்தது. விண்டோஸ்-7 பதிப்புக்கு 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. அதாவது, பொங்கலுக்கு முந்தின நாள்! விண்டோஸ்-10 பதிப்புக்கு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஓராண்டு சலுகை கொடுத்தார்கள்.

கெடு முடிந்த மறுநாளே கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஓடும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கப்படும். 2023 தொடக்கத்தோடு "குரோம்" என்ற உலாவியும் விண்டோஸ்-7 பதிப்பைக் கைவிட்டது. உலாவி என்பது இணையத்தைப் பார்க்க உதவும் புரோகிராம். அது பழசானால் பல இணையப் பக்கங்கள் சரியாகத் திறக்காது. "லேப்டாப் ஓடவில்லை" என்று வீட்டில் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, பழசாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. உலகமே அதைப் பார்த்தது.

உலகைக் கலக்கிய வெள்ளிக்கிழமை

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

இங்கிலாந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் திரைகள் திடீரென்று சிவந்தன. "உன் தகவல்களை எல்லாம் பூட்டிவிட்டோம். 300 டாலர் கொடுத்தால் திறப்போம்" என்ற மிரட்டல் திரையில் தெரிந்தது. நோயாளிகளின் விவரங்களை டாக்டர்களால் பார்க்க முடியவில்லை. ஆம்புலன்சுகள் வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விடப்பட்டன. ரத்தான சிகிச்சை நேரங்கள் சுமார் 19 ஆயிரம் இருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள்.

இந்தக் கொள்ளைக்காரப் புரோகிராமின் பெயர் "வான்னாகிரை". "அழ வேண்டுமா?" என்று கேட்பது போன்ற பெயர்! சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் அது கைவரிசை காட்டியது. பக்கத்தில் உள்ள ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன.

எப்படி நுழைந்தது? விண்டோசில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள். மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ்-7 கம்ப்யூட்டர்கள். எக்ஸ்.பி. வைத்திருந்தவர்களுக்கோ அந்த அப்டேட் வரவே இல்லை. கெடு முடிந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டதே! நிலைமை முற்றிய பிறகு, மைக்ரோசாப்ட் தன் விதியைத் தானே தளர்த்தி எக்ஸ்.பி.க்கும் ஓர் அப்டேட் கொடுத்தது.

கொள்ளைக்காரனைத் தடுத்து நிறுத்தியவர் யார் தெரியுமா? மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது வாலிபர். அந்தப் புரோகிராமை அவர் பிரித்துப் பார்த்தார். அது ஓர் இணைய முகவரியைத் தேடுவது தெரிந்தது. அந்த முகவரி யார் பெயரிலும் இல்லை. சுமார் 11 டாலர் கட்டி அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். அவ்வளவுதான்! அந்த முகவரி உயிர் பெற்றதும், புரோகிராம் பரவுவது நின்றுவிட்டது. உள்ளே அப்படி ஒரு சாவி ஒளிந்திருப்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. பலே வாலிபர்!

நம் ஊர் வங்கிகளும் விழித்துக்கொண்டன. ஏ.டி.எம். எந்திரத்துக்கு உள்ளே இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். பல ஏ.டி.எம்.களில் பழைய எக்ஸ்.பி. ஓடிக்கொண்டிருந்தது. 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. 2019 ஜூன் மாதத்துக்குள் எல்லா ஏ.டி.எம்.களிலும் பழைய இயங்குதளத்தை மாற்றியாக வேண்டும் என்று கெடு விதித்தது.

பணம் எண்ணும் எந்திரத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், வீட்டுப் பணத்தைப் பழைய லேப்டாப்பில் வைத்து விளையாடலாமா? விண்டோஸ்-7 லேப்டாப்பில் பாட்டுக் கேட்கலாம். இணையத்தில் சேராமல் தட்டச்சுப் பழகலாம். வங்கிக் கணக்கைத் திறப்பது கூடாது.

"பார்மட் பண்ணிடலாமா?"

இப்போது ரிப்பேருக்கு வருவோம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்கோ அரூருக்கோ போகிறார்கள். கடைக்காரர் திறந்து பார்க்கிறார். "ஓ.எஸ். போய்விட்டது. பார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்கிறார்.

"சரி, பண்ணுங்க தம்பி" என்று அப்பா தலையை ஆட்டிவிடுவார்.

அந்த ஒரு தலையாட்டலில்தான் ஆபத்து!

"பார்மட்" என்றால் கிடங்கைக் காலி செய்வது. உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது? பத்து ஆண்டுக்கு முன்பு எடுத்த படங்கள் இருக்கும். அக்காள் கல்யாணம் இருக்கும். இப்போது இல்லாத தாத்தாவின் முகம் இருக்கும். அவர் பேசிய ஒரு சின்ன வீடியோ இருக்கும். அப்போதைய செல்போன் நிறைந்துவிட்டது என்று லேப்டாப்பில் ஏற்றி வைத்தவை அவை. வேறு எங்கும் நகல் கிடையாது.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துக் கொடுங்கள். பிறகு பார்மட்."

"விண்டோசே திறக்கவில்லையே, எப்படி எடுப்பது?" என்ற கேள்வி வரும். எடுக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாவிட்டாலும் கிடங்கில் உள்ள மூட்டைகள் அப்படியேதான் இருக்கும். இன்னொரு இயங்குதளத்தை ஒரு பென்-டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, அதை வைத்து லேப்டாப்பைத் திறக்கலாம். கிடங்கைப் பார்க்கலாம். படங்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம். அல்லது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் எடுக்கலாம். நல்ல மெக்கானிக்குக்கு இது சாதாரண வேலை.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து "டிக்... டிக்..." என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. அது கிடங்கே இடியப் போகிறது என்பதற்கு அடையாளம். உடனே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எழுத்து எங்கே போயிற்று?

தமிழ்க் குடும்பங்கள் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு.

பழைய லேப்டாப்பில் தமிழில் அடித்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, கட்டுரை இருக்கும். அதை நகல் எடுத்துப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழ் எழுத்தே இருக்காது! ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளும் தாறுமாறாகத் தெரியும். "பைல் கெட்டுப்போய்விட்டது" என்று அழித்துவிடுவார்கள்.

கெடவில்லை. முன்பெல்லாம் பாமினி, வானவில் என்று பல எழுத்துருக்கள் இருந்தன. எழுத்துரு என்பது அச்சுக்கூடத்தில் உள்ள அச்செழுத்துப் பெட்டி மாதிரி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வோர் இடத்தில் "அ" இருக்கும். எந்தப் பெட்டியை வைத்துக் கோத்தார்களோ, அதே பெட்டி இருந்தால்தான் படிக்க முடியும். இப்போது உலகம் முழுவதும் "யுனிகோடு" என்ற ஒரே முறை வந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-ம் ஆண்டு யுனிகோடு முறையை ஏற்று உத்தரவு போட்டது. ஆனால் பழைய பைல்கள் பழைய பெட்டியைத்தான் கேட்கும்.

இதற்கு வழி சுலபம். படங்களை எடுக்கும்போதே, விண்டோஸ் என்ற உறைக்குள் "பான்ட்ஸ்" என்று ஓர் உறை இருக்கும். அதையும் சேர்த்து நகல் எடுத்துவிட வேண்டும். பிறகு அந்த எழுத்துருவைப் புதிய இயங்குதளத்தில் சேர்த்தால் கடிதம் பழையபடி தமிழில் தெரியும். பழைய எழுத்தை யுனிகோடுக்கு மாற்றித் தரும் புரோகிராம்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

காலம் மறந்த கடிகாரம்

சில லேப்டாப்புகளுக்கு இந்தப் பெரிய ரிப்பேர் கூடத் தேவைப்படாது. பார்க்க வேண்டியது திரையின் மூலையில் உள்ள தேதியை!

பரணில் நெடுநாள் கிடந்த லேப்டாப்பைப் போட்டால், அது பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டும். அப்புறம் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பு இல்லை" என்று மிரட்டும்.

காரணம், உள்ளே ஒரு பொத்தான் அளவு பாட்டரி இருக்கிறது. லேப்டாப்பை நிறுத்திய பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது தீர்ந்துவிட்டால் கடிகாரம் நின்று, பழைய தேதிக்குப் போய்விடும். ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்" என்று ஒரு சான்றிதழ் உண்டு. லேப்டாப்பின் கணக்கில் அந்தத் தேதி இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே "போலிச் சான்றிதழ்" என்று நினைத்து மறுத்துவிடுகிறது. தேதியைச் சரி செய்து, அந்தச் சின்னப் பாட்டரியையும் மாற்றினால் தொல்லை தீரும்.

சின்ன ரயில், பெரிய ரயில்

தேதி சரியாக இருக்கிறது. படங்களையும் எடுத்தாயிற்று. இனி எந்த இயங்குதளத்தைப் போடுவது?

விண்டோஸ்-11 போடலாம் என்றால், அது பழைய எந்திரத்தை ஏற்பது இல்லை. குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் வேண்டும். 64 ஜி.பி. கிடங்கு வேண்டும். "டி.பி.எம். 2.0" என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். 2011-ல் வந்த லேப்டாப்புக்கு இருந்ததோ 2 ஜி.பி. நினைவகம்.

"திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். பூட்டை உடைத்துக் கொடுத்தவன் இன்னொரு சாவியைத் தன் பையில் வைத்திருக்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மிஞ்சியது "லினக்ஸ்". இதுதான் நல்ல வழி.

லினக்ஸ் பிறந்த கதை சுவையானது. 1991-ம் ஆண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் இருந்தார். தன் கம்ப்யூட்டருக்காகத் தானே ஓர் இயங்குதளத்தின் உட்கருவை எழுதத் தொடங்கினார். பொழுதுபோக்காகத்தான்! அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். "நீங்களும் திருத்தலாம்" என்றார். உலகம் முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து திருத்தினார்கள். இன்று நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பதும் அதே உட்கருதான்.

அந்த லினக்சை வைத்து உருவானதுதான் நம் நாட்டு "பாஸ்". சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையம் தயாரித்தது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யும். 2014-ல் எக்ஸ்.பி.க்குக் கெடு நெருங்கியபோது, தமிழ்நாடு அரசு தன் அலுவலகங்களுக்கு என்ன சொன்னது? "பாஸ் லினக்சுக்கு மாறுங்கள்" என்றுதான் சொன்னது. அதே பாஸ்தான் மாணவர்களின் லேப்டாப்பிலும் கவனிப்பார் இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தது!

பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளே லினக்சில்தான் பாடம் நடத்துகின்றன. அங்கே பிள்ளைகள் அதைப் பழகிக்கொண்டார்கள். கஷ்டம் என்று யாரும் ஓடவில்லை.

லினக்சில் பல வகை உண்டு. பழைய லேப்டாப்புக்கு எடை குறைந்த வகை வேண்டும். லுபுண்டு, எம்.எக்ஸ்., ஆன்ட்டி-எக்ஸ் போன்றவை அந்த வகை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதற்கும் மொரப்பூரிலேயே உதாரணம் உண்டு.

1906-ம் ஆண்டு மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். சேலம் வழியில் போகும் பெரிய ரயிலுக்கோ ஐந்தரை அடி. பெரிய ரயில் சின்னத் தண்டவாளத்தில் ஏற முடியாது. ஆகவே மொரப்பூரில் இறங்கித்தான் வண்டி மாற வேண்டும். இரண்டாவது உலகப்போர்க் காலத்தில் அந்தச் சின்ன ரயில் நின்றுபோனது.

கம்ப்யூட்டரிலும் சின்னப் பாதை, பெரிய பாதை உண்டு. 32-பிட் என்பது சின்னப் பாதை. 64-பிட் என்பது பெரிய பாதை. புதிய லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவை பெரிய ரயில்கள். 64-பிட் எந்திரத்தில் மட்டுமே ஓடும். ஸ்டார்ட்டர் விண்டோஸ் 32-பிட்தான். ஆனால் அதை வைத்து எந்திரமும் 32-பிட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அகலப் பாதையில் சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்! எந்திரத்தின் மூளையான "பிராசசர்" எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். அது 64-பிட் என்றால் லுபுண்டு போன்றவை ஓடும். 32-பிட் என்றால் ஆன்ட்டி-எக்ஸ் கைகொடுக்கும்.

பென்-டிரைவ் வைத்தியம்

ஒரு 8 ஜி.பி. பென்-டிரைவ் போதும். அதில் முன்பே ஏதாவது இருந்தால் அழிந்துவிடும். ஆகவே காலியான ஒன்றை எடுக்க வேண்டும். நன்றாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில், லினக்சைத் தயாரிப்பவர்களின் சொந்த இணையப் பக்கத்தில் இருந்தே அதை இறக்கிக்கொள்ள வேண்டும். கண்ட இடத்தில் இறக்கக் கூடாது. "ரூபஸ்" போன்ற ஓர் இலவசப் புரோகிராம் அதைப் பென்-டிரைவில் ஏற்றித் தரும். சும்மா நகல் எடுத்துப் போட்டால் வேலை செய்யாது.

பென்-டிரைவைப் பழைய லேப்டாப்பில் செருகி, பொத்தானை அமுக்கிய உடனே எப்-12 போன்ற ஒரு சாவியைத் தட்ட வேண்டும். எந்தச் சாவி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "எதில் இருந்து தொடங்கட்டும்?" என்று லேப்டாப் கேட்கும். பென்-டிரைவைக் காட்ட வேண்டும்.

இப்போது ஓர் அதிசயம் நடக்கும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் திரையில் வந்து நிற்கும்! பென்-டிரைவில் இருந்தபடியே ஓடும். இதற்கு "லைவ்" என்று பெயர். பெண் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்கிறதா, இணையம் கிடைக்கிறதா, கேமரா தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பென்-டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். எதுவும் கெட்டுப்போகாது. படங்களை நகல் எடுக்கவும் இதுவே நல்ல சமயம்.

பிடித்திருந்தால், நிரந்தரமாகப் பதிக்கும் பொத்தானை அழுத்தலாம். அப்போது ஒரு கேள்வி வரும்: "டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா? அல்லது பழையதற்குப் பக்கத்தில் இடம் பிடிக்கட்டுமா?" பதில் சொல்லுமுன் நிதானிக்க வேண்டும். நகல் எடுத்து முடித்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் பார்த்தவர்கள் மட்டுமே "அழி" என்று சொல்லலாம்.

பதித்து முடித்ததும் முதல் காரியமாக அப்டேட் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தானே இவ்வளவும்! கடிதம் எழுத, கணக்குப் போட "லிப்ரே ஆபீஸ்" இருக்கிறது. இணையம் பார்க்க "பயர்பாக்ஸ்" இருக்கிறது. தமிழில் அடிக்க "தமிழ்-99" விசைப்பலகை இருக்கிறது. எல்லாம் இலவசம்.

எது முடியாது?

பழைய லேப்டாப் புதியதாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. விண்டோசுக்கு என்றே எழுதிய புரோகிராம்கள் லினக்சில் அப்படியே ஓடாது. கடைக் கணக்குக்கு "டேலி" வைத்திருப்பவர்களும், ஸ்டூடியோவில் "போட்டோஷாப்" வைத்திருப்பவர்களும் யோசித்துத்தான் மாற வேண்டும். சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். 2 ஜி.பி. நினைவகத்தில் பத்துப் பக்கங்களை ஒரே சமயத்தில் திறந்தால் மூச்சு வாங்கும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால், நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலாத "எஸ்.எஸ்.டி." மாட்டலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்.எஸ்.டி. மாட்டுவது மேல். மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனால் ஏழாம் வகுப்புப் பெண் தட்டச்சுப் பழகவும், பாடம் தேடவும், அம்மா மகளிர் குழுக் கணக்கு எழுதவும், அரசு விண்ணப்பங்களை வீட்டிலேயே பூர்த்தி செய்யவும் அந்த 2 ஜி.பி. லேப்டாப் தாராளம். புது லேப்டாப் வாங்கும் ஆயிரங்களை வேறு செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டரி உப்பினால்...

பரணில் இருந்து எடுத்ததும் சார்ஜரைச் செருகிவிடக் கூடாது. முதலில் லேப்டாப்பைத் திருப்பி, பாட்டரியைப் பார்க்க வேண்டும். அது அப்பளம் போல உப்பி இருந்தால் தொடவே கூடாது. குத்தக் கூடாது. அழுத்தக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிவிட வேண்டும். பழைய மாடல் பலவற்றில் பாட்டரி இல்லாமலே, சார்ஜர் மின்சாரத்திலேயே லேப்டாப் ஓடும்.

சர்க்யூட் பலகையே எரிந்துபோய், எந்த வைத்தியத்துக்கும் எழாத லேப்டாப்புகளும் உண்டு. அவற்றைக் குப்பையில் போடக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். எடைக்குப் போடுவதற்கு முன், பின்பக்கத்துச் சின்ன மூடியை நாலு திருகாணி கழற்றித் திறந்தால், கையகலத்தில் ஒரு டிஸ்க் இருக்கும். அதை மட்டும் உருவி எடுத்து, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துக்கொள்ள வேண்டும். தாத்தா பேசிய வீடியோ அதற்குள்தான் இருக்கிறது.